வன்னியில் உறுப்பு தானம் பற்றி எப்படிப் பேசுவது?

வட இலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அவர்களுடைய இளைஞர் கழகம் உறுப்பு தான விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்று வைத்ததாம். பதாகை கட்டி, துண்டுப்பிரசுரம் கொடுத்து, முடிவில் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதுதான் திட்டம். பேச்சு முடிந்ததும் ஒரு பெரியவர் எழும்பி, "தம்பி, குடுக்கச் சொல்லி எல்லாரும் வருவினம். நாளைக்கு என்ர பேரனுக்கு ஒரு கிட்னி வேணுமெண்டால் ஆர் தருவினம்? எங்க போய்க் கேக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். மேடையில் இருந்தவர்களுக்குப் பதில் தெரியவில்லை. கையெழுத்தும் விழவில்லை. கூட்டம் எங்கே பிழைத்தது, அடுத்தமுறை என்ன சொல்வது என்று தம்பி கேட்கிறார்.

அந்தக் கூட்டத்தில் சரியாகப் பேசிய ஆள் அந்தப் பெரியவர்தான். அவருடைய கேள்வியிலிருந்து கூட்டத்தைத் தொடங்கியிருக்க வேண்டும். நீங்கள் அதைக் கடைசியில், அதுவும் எதிர்பாராமல், சந்தித்தீர்கள்.

நான் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். கடைசி வருடங்கள் இரத்த சுத்திகரிப்புப் பிரிவில் போயின. எனவே முதலில் வாங்குகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்த ஒருவர் கிழமைக்கு இரண்டு அல்லது மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய நாலு மணித்தியாலம் இரத்தத்தைச் சுத்திகரிக்கிற மேசினில் இருக்க வேண்டும். துணுக்காய்க்கு உள்ளே இருக்கிறவர் விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து வந்து, மேசினில் இருந்து, தலை சுற்றச் சுற்றத் திரும்பிப் போவார். கூட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளின் அன்றைய கூலி போய்விடும். பங்குனி, சித்திரை வெயிலில் ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளந்து குடிக்க வேண்டும். உடம்புக்குக் குளிர்ச்சி என்று யாரோ அன்பாகக் கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டு, பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பு குழம்பி வந்த ஆட்களைப் பார்த்திருக்கிறேன். சாதாரண ஆளுக்கு அமிர்தம், இவர்களுக்கு ஆபத்து.

இப்படி மாதக்கணக்காக வந்துபோகிற ஒருவரிடம், "மாற்றுச் சிறுநீரகம் பற்றி உங்களுடன் யாராவது கதைத்தார்களா?" என்று கேட்டால், பலர் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். "அது கொழும்பு ஆக்களுக்கு, மிஸ்." வன்னியின் முதல் சமமின்மை இதுதான். மறுக்கப்படுவது இரண்டாவது கதை. கேட்கலாம் என்பதே தெரியாமல் இருப்பது முதலாவது. வரிசையில் நிற்பதற்கு, வரிசை எங்கே இருக்கிறது என்று யாராவது காட்ட வேண்டுமல்லவா?

காட்டினாலும் வழி லேசில்லை. மாற்றுச் சிகிச்சைக்குத் தகுதியா என்று பார்க்க இரத்த வகை, திசுப் பொருத்தம், இதயம், நுரையீரல், பல் என்று ஒரு நீண்ட பட்டியல் பரிசோதனை உண்டு. எல்லாம் ஒரே இடத்தில் நடக்காது. முல்லைத்தீவிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். ஒரு பரிசோதனைக்குத் திகதி எடுத்துப் போனால், "இந்த அறிக்கை இல்லை, அடுத்த மாதம் வாங்கோ" என்பார்கள். இரண்டுமுறை அப்படித் திரும்பினவர் மூன்றாம் முறை போகமாட்டார். கோப்பில் "நோயாளி தொடர்ந்து வரவில்லை" என்று எழுதப்படும். அவர் ஏன் வரவில்லை என்று எழுதுவதற்கு அந்தக் கோப்பில் இடம் இல்லை.

தொலைபேசி இலக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன விஷயம் போலத் தெரியும். இறந்தவரின் சிறுநீரகம் கிடைத்தால் காலம் மிகக் குறைவு. குளிரில் வைத்தாலும் ஒரு நாளைக்குள் பொருத்திவிடவே பார்ப்பார்கள். இதயத்துக்கு நாலைந்து மணித்தியாலம்தான். நடுச்சாமத்தில் அழைப்பு வரும், எடுத்தவர் உடனே வெளிக்கிட வேண்டும். எங்கள் ஆட்களோ சிம்மை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கோப்பில் இருப்பது மூன்று வருடத்துக்கு முந்தைய இலக்கம். அழைப்பு போகாது, அடுத்த பெயருக்குப் போய்விடும். யாரும் அநியாயம் செய்யவில்லை, ஆனால் நடந்தது அநியாயம்தான். ஒவ்வொரு கிளினிக்கிலும் "இலக்கம் மாறினதா?" என்று கேட்டு, அயலவர் ஒருவரின் இலக்கத்தையும் கிராம சேவகரின் இலக்கத்தையும் சேர்த்து எழுதினால் போதும். இதற்குப் பணமோ சட்டமோ தேவையில்லை. உங்கள் கழகமே இந்தக் கிழமை தொடங்கலாம்.

இலங்கையில் முதல் சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்தது 1985 இல். பேராசிரியர்கள் ரெஸ்வி ஷெரீப், ஷெரிப்தீன் ஆகியோரின் குழு கொழும்பில் செய்தது. முதல் இதய மாற்று 2017 இல் கண்டியில் நடந்தது. பொலன்னறுவையில் சிறுநீரகத்துக்கென்றே ஒரு பெரிய வைத்தியசாலை சீன உதவியில் கட்டப்பட்டு 2021 இல் திறக்கப்பட்டது. அது அங்கே கட்டப்பட்டதற்குக் காரணம் உண்டு. 1990கள் தொடக்கம், பொலன்னறுவை இருக்கிற அதே வடமத்திய மாகாணத்தில், மதவாச்சி, பதவியா பக்கம், சர்க்கரையோ பிரஷரோ இல்லாத கமக்காரர்களுக்குச் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியது. கடும் நீர், புளோரைட், விவசாய இரசாயனம், வெயிலில் தண்ணீரில்லாமல் வேலை செய்வது என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. இதுதான் என்று ஒன்று உறுதியாகவில்லை. நோய்க்கு மாகாண எல்லை தெரியாது. செட்டிகுளமும் வவுனியாவின் தென்பகுதியும் பதவியாவை ஒட்டிய கிராமங்களும் அதே மண், அதே கிணற்று நீர். முற்றும்வரை வலி இல்லை, வீக்கம் இல்லை. வீக்கம் வரும்போது பாதி வழி கடந்திருப்பார். ஆகவே உங்கள் கூட்டத்துக்கு வருகிற நாற்பது வயது தாண்டிய கமக்காரர் எல்லோருக்கும் இரத்த அழுத்தம் பார்த்து, சிறுநீரையும் இரத்தத்தையும் சோதிக்கச் சொல்லி அனுப்பினால், அது உறுப்பு தானக் கூட்டத்துக்குச் சம்பந்தமில்லாத வேலை அல்ல. ஒரு சிறுநீரகம் மிச்சமாவதும் ஒரு சிறுநீரகம் கிடைப்பதும் ஒன்றுதான்.

சரி, இனி கொடுக்கிற பக்கம். இங்கேதான் பேச்சு மிகவும் பிழைக்கிறது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். இடமும் ஆளும் வேண்டாம். ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள் விபத்து, பெடியனுக்கு இருபத்திரண்டு வயது. தலையில் அடி. இப்படிப்பட்டவர்களை மூளை, நரம்புச் சத்திரசிகிச்சை உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவோம். ஆகவே வன்னிப் பிள்ளையின் கடைசி முடிவு பெரும்பாலும் வன்னிக்கு வெளியேதான், தெரியாத கட்டடத்தில், சில வேளை தெரியாத மொழியில் எடுக்கப்படுகிறது. நான் அந்தத் தாயோடு துணைக்குப் போயிருந்தேன், தூரத்துச் சொந்தம். மூன்றாம் நாள் ஒரு வைத்தியர் வந்து சிங்களத்தில் சொன்னார். பக்கத்தில் நின்ற சிற்றூழியர் ஒருவர் மொழிபெயர்த்தார். தாயின் காதில் விழுந்தது இதுதான்: "மூளை வேலை செய்யேல்லை. மேசினிலதான் உயிர் இருக்கு. கிட்னி ரெண்டையும் தருவீங்களோ?"

அந்த அம்மா ஒரே கேள்விதான் கேட்டார். "அப்ப உயிர் இருக்குத்தானே?"

ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவர்கள் சொன்ன வசனத்திலேயே உயிர் இருந்தது. அவர் மறுத்தார். அவர் இடத்தில் நானும் மறுத்திருப்பேன். பிறகு மேசினை நிறுத்தினார்கள். இன்றைக்கும் அவர், கிட்னி தராததால்தான் பிள்ளையைக் கொன்றுவிட்டார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். அந்த வைத்தியர் கெட்டவர் அல்ல. களைத்துப் போயிருந்தார். செய்ய நினைத்ததும் நல்ல வேலை. ஆனால் இரண்டு வசனத்தில் ஒரு குடும்பத்துக்கு வாழ்நாள் சந்தேகத்தைக் கொடுத்துவிட்டார்.

மூளைச்சாவு என்றால் சாவு. அரைச் சாவு அல்ல, கோமாவும் அல்ல. கோமாவில் மூளையின் அடித்தண்டு வேலை செய்யும், மூச்சு எடுக்கலாம், சிலர் திரும்பி வருவார்கள். மூளைச்சாவில் அந்த அடித்தண்டும் போய்விட்டது, திரும்ப வழியில்லை. இதயம் தனக்கென்று ஒரு மின்னோட்டம் வைத்திருக்கிறது. ஒட்சிசன் கிடைக்கும்வரை கொஞ்ச நேரம் துடிக்கும். மேசின் காற்றைத் தள்ளுவதால் நெஞ்சு ஏறி இறங்குகிறது, தோல் சூடாக இருக்கிறது. தொட்டுப் பார்க்கிற தாய்க்கு அது உயிர். அவரிடம் "மேசினில் உயிரோடு வைத்திருக்கிறோம்" என்று சொல்லவே கூடாது. "உங்கட மகன் இறந்திட்டார் அம்மா. மேசின் காற்றைத் தள்ளுது, அதுதான் நெஞ்சு அசையுது" என்று சொல்ல வேண்டும். சொல்லக் கஷ்டம்தான். ஆனால் சுற்றிவளைத்துச் சொல்கிற ஒவ்வொரு சொல்லும் பிறகு சந்தேகமாக முளைக்கும்.

என்ன பார்த்து இறந்தார் என்கிறார்கள் என்பதையும் குடும்பத்துக்கு விளக்கலாம், விளங்காத விஷயம் ஒன்றுமில்லை. கண்ணில் வெளிச்சம் அடித்தால் கண்பாப்பா சுருங்குகிறதா, கருவிழியைப் பஞ்சால் தொட்டால் இமைக்கிறதா, காதுக்குள் குளிர்நீர் விட்டால் கண் அசைகிறதா, தொண்டைக்குள் குழாய் போனால் இருமல் வருகிறதா, கடைசியாக, ஒட்சிசனைக் கொடுத்துக்கொண்டே மேசினைக் கழற்றிவிட்டு, இரத்தத்தில் கரியமில வாயு ஏறும்போதாவது ஒரு மூச்சு தானாக எடுக்கிறாரா. மாற்றுச் சிகிச்சைக் குழுவைச் சேராத வைத்தியர்கள் இதைச் செய்ய வேண்டும், திரும்பவும் செய்து உறுதிப்படுத்த வேண்டும். விரும்பினால் குடும்பத்தில் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க விடலாம். மாமாவோ அண்ணனோ கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னால், ஆயிரம் துண்டுப்பிரசுரத்தை விட அது எடுபடும்.

அப்புறம், இறந்துவிட்டார் என்று சொல்வதும் உறுப்புக் கேட்பதும் ஒரே மூச்சில் வரக்கூடாது. முதல் செய்தியைச் சொல்லிவிட்டு விலகி நிற்க வேண்டும். அழட்டும். ஊருக்குச் சொல்லட்டும். "அடுத்து என்ன செய்யிறது?" என்று அவர்களே கேட்கும் நேரம் ஒன்று வரும். அப்போது, முடிந்தால் வேறொருவர், தமிழில், கதிரையில் இருந்து கேட்க வேண்டும். நின்றுகொண்டு கேட்கக் கூடாது. மொழிபெயர்ப்பை வாசலில் நிற்கிறவரிடம் விடக்கூடாது. மனித திசுக்கள் மாற்றீட்டுச் சட்டம், அதாவது 1987 இன் 48 ஆம் இலக்கச் சட்டம் வந்த அதே வருடம்தான் 13 ஆவது திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியானது. இரண்டுக்கும் ஒரே வயது. அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் கதவடியில் அவை இரண்டும் சந்திப்பதை நான் அபூர்வமாகத்தான் கண்டிருக்கிறேன்.

வன்னிக்கு மட்டும் உரிய ஒன்று இருக்கிறது. வெளியூர் வளவாளர்கள் அதைத் தொடாமல் போய்விடுவார்கள். உடல் என்பது எங்களுக்கு வேறு பொருள். 2009 இல், யுத்தத்தின் கடைசியில், பிள்ளையின் உடலை வழியில் விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். பங்கருக்குள்ளேயே மண்ணைத் தள்ளி மூடியவர்கள் இருக்கிறார்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 இன் தொடக்கத்திலிருந்து வீதியோரம் இருந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடுகிற தாய்மார் இருக்கிறார்கள். அவர்களுக்கு உடலும் இல்லை, எட்டுச் செலவு, அந்தியேட்டி என்ற செத்தவீட்டுச் சடங்குகளும் இல்லை. அப்படிப்பட்ட ஒரு வீட்டில் இன்னொரு மரணம் நடந்து, இந்தமுறையாவது உடல் முழுசாகக் கிடைத்தது என்று நிற்கிறபோது நாம் போய்க் கேட்கிறோம். தயங்கினால் "அறியாமை" என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

ஆகவே அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியது உடலைப் பற்றித்தான். "பொடி எப்ப தருவினம்?" என்பதுதான் மனதில் இருக்கிற முதல் கேள்வி. சத்திரசிகிச்சைக் கூடத்தில், மற்ற எந்தச் சத்திரசிகிச்சையையும் போல, மரியாதையோடு எடுத்து, தைத்து மூடுவார்கள். உடுப்புப் போட்டுப் பெட்டியில் வைத்து முகம் பார்க்கலாம். குளிப்பாட்டலாம், வாய்க்கரிசி போடலாம். விபத்து என்றால் சட்ட வைத்திய அதிகாரியும் திடீர் மரண விசாரணை அதிகாரியும் சம்பந்தப்படுவார்கள், தானம் செய்தாலும் செய்யாவிட்டாலும் அது உண்டு. அதனால் வருகிற தாமதத்தைத் தானத்தின் தலையில் போடாதபடி முன்னமே பிரித்துச் சொல்ல வேண்டும். மணித்தியாலக் கணக்கைச் சொல்லுங்கள், சொன்ன நேரம் தவறினால் போய்ச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ அனுராதபுரத்திலிருந்தோ புதுக்குடியிருப்புக்கு உடலைக் கொண்டுவருகிற வாகனக் கூலியைத் தானம் செய்த குடும்பம் கடன் வாங்கிக் கட்டுகிற நிலை இருக்கவே கூடாது. அது உறுப்புக்குக் கொடுக்கிற விலை அல்ல, கொடுத்தவரை வீட்டில் கொண்டுபோய் விடுகிற மரியாதை. மரியாதை என்றதும் தமிழ்நாடு ஞாபகம் வருகிறது. அங்கே 2008 இல், வீதி விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஒரு மாணவனின் பெற்றோர், இருவரும் வைத்தியர்கள், உறுப்புகளைக் கொடுத்த பிறகுதான் பேச்சு வீடுவீடாகப் போனது. 2023 செப்ரெம்பரில் உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரச மரியாதையோடு நடக்கும் என்று அரசு அறிவித்தது. மாவட்ட அதிகாரி ஒருவர் மலர்வளையத்தோடு செத்த வீட்டுப் படலையில் வந்து நிற்பது ஊருக்கு என்ன சொல்லும் என்று யோசித்துப் பாருங்கள். இங்கேயும் ஒரு பிரதேச செயலாளர் வந்து நிற்கலாம், அதற்கு வர்த்தமானி தேவையில்லை.

கிட்னி திருடுகிறார்கள் என்ற கதையும் உங்கள் கூட்டத்தில் வரும். சிரிக்காதீர்கள். அதில் ஒரு பாதி கட்டுக்கதை, ஒரு பாதி உண்மை. ஆளைத் தெரியாமல் ஒரு மூலையில் வைத்துச் சிறுநீரகத்தை வெட்டி எடுத்துக்கொண்டு ஓட முடியாது. பொருத்தம் பார்க்காத சிறுநீரகம் ஒருவருக்கும் உதவாது. ஆனால் ஏமாற்றி, கடனைக் காட்டி, கையெழுத்து வாங்கி எடுப்பது நடந்திருக்கிறது. 2016 ஜனவரியில் இந்தியாவில் தெலங்கானாப் பொலிசார், ஆட்களை இலங்கைக்கு அழைத்து வந்து சிறுநீரகம் எடுத்த ஒரு வலையைப் பிடித்தார்கள். அதைத் தொடர்ந்து வெளிநாட்டவருக்கான சிறுநீரக மாற்றுச் சிகிச்சையை இலங்கை நிறுத்தி வைத்தது. உறுப்பை விற்பதும் வாங்குவதும் 1987 இன் சட்டப்படி குற்றம். நுண்கடன்காரர் வாசலில் நிற்கிற வீடுகள் எங்கள் பக்கம் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். தரகர் தேடுவதும் அந்த வாசலைத்தான். பத்திரிகையிலும் முகநூலிலும் "ஓ பொசிற்றிவ் சிறுநீரகம் தேவை" என்று வருகிற விளம்பரத்துக்குப் பின்னால் அழுகிற ஒரு குடும்பம் இருக்கலாம். தரகரும் இருக்கலாம். பணம் பற்றிய பேச்சு வந்த இடத்தில் எழும்பி வந்துவிடுங்கள் என்று கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

உயிரோடு இருப்பவர் கொடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீடுகளில் நடைமுறையில் நடப்பது அதுதான். உலகம் முழுக்க ஒரு கணக்கு ஒத்துப்போகிறது: உயிரோடு சிறுநீரகம் கொடுக்கிறவர்களில் பெண்கள் அதிகம், பெறுகிறவர்களில் ஆண்கள் அதிகம். எங்கள் வீட்டுக் குசினியில் நடப்பதும் இதுதான். மகனுக்குத் தாய், புருசனுக்குப் பெண்சாதி, அண்ணனுக்குத் தங்கச்சி. மனைவிக்குச் சிறுநீரகம் பழுதாகும்போது புருசன் "எனக்கு உழைக்க வேணுமே" என்பார், ஊரும் தலையாட்டும். அவள் கொடுக்கும்போது அவளுடைய உழைப்பை யாரும் உழைப்பு என்று எண்ணுவதில்லை. யுத்தத்துக்குப் பிறகு பெண் ஒருத்தியே தூக்கி நிறுத்துகிற குடும்பங்கள் இங்கே ஏராளம். அவள்தான் கூலிக்குப் போகிறாள், அவள்தான் தண்ணீர் சுமக்கிறாள். கொடுத்த பிறகு ஒன்றரை, இரண்டு மாதம் பாரம் தூக்கக் கூடாது. அந்த இரண்டு மாதமும் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று சத்திரசிகிச்சைக்கு முதலே கேட்க வேண்டும்.

ஆபத்து பெரிதல்ல. கொடுப்பவர் சத்திரசிகிச்சையில் இறக்கிற சாத்தியம் 10,000 பேரில் மூன்று பேரளவில் என்று வெளிநாட்டுக் கணக்குகள் காட்டுகின்றன. ஒரு சிறுநீரகத்தோடு நன்றாக வாழலாம். ஆனால் பிறகு கர்ப்பம் தரிக்க இருக்கிற இளம் பெண்ணுக்குக் கர்ப்பகால இரத்த அழுத்தம் வருகிற வாய்ப்பு கூடுகிறது என்பதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது பிழை. கொடுத்தவர் வருடத்துக்கு ஒருமுறையாவது பிரஷரும் சிறுநீரும் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் வாங்கினவரைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள், கொடுத்தவள் வெளியில் பையோடு வாங்கில் இருப்பாள். அவளையும் உள்ளே கூப்பிடுங்கள்.

இதில் நான் பிடிவாதமாகச் செய்த ஒரு வேலை உண்டு. கொடுக்க வந்தவரைத் தனியாகக் கூப்பிட்டு, மாமியும் புருசனும் இல்லாத அறையில், "பிள்ளை, உண்மையாகவே விருப்பமோ?" என்று கேட்பேன். விருப்பமில்லை என்றால் வைத்தியர் "உங்கட உடம்பு பொருந்தேல்லை" என்று மட்டும் குடும்பத்துக்குச் சொல்வார். பல நாடுகளில் கொடுப்பவரைக் காக்க இப்படித்தான் செய்கிறார்கள். பொய்யா என்றால், முழு மெய் இல்லைதான். ஆனால் மனம் பொருந்தாதவருக்கு உடம்பு பொருந்தி என்ன? ஒருத்தி அந்த அறையில் ஒன்றும் சொல்லாமல் அரைமணித்தியாலம் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு போய், பிறகு தன் சொந்த விருப்பத்தில் கொடுத்தாள்.

மாற்றிய பிறகு கதை முடிந்தது என்று நினைப்பதும் பிழை. புதிய சிறுநீரகத்தை உடம்பு அந்நியன் என்றுதான் பார்க்கும். அந்த எதிர்ப்பை அடக்குகிற டக்ரோலிமஸ், மைகோபினோலேற், பிரெட்னிசொலோன் போன்ற மருந்துகளை நேரம் தவறாமல், சிறுநீரகம் இருக்கும்வரை எடுக்க வேண்டும். இரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்க வேண்டும். 2022 இல் நாடு மருந்துக்குத் தட்டுப்பட்டபோது வெளியில் வாங்க வசதியில்லாதவர்கள் பட்டபாட்டை மறக்கமாட்டேன். இரண்டு நாள் மருந்தை நாலு நாளுக்குப் பிரித்துச் சாப்பிட்டார்கள். அப்படிச் செய்தால், ஒரு தாய் கொடுத்த உறுப்பு போய்விடும். கொழும்பில் மாற்றினவருக்கு மருந்து முல்லைத்தீவில் கிடைக்க வேண்டும். அதற்காக மாதாமாதம் இரவு பஸ் ஏற வைக்கக் கூடாது. சிறுநீரக நோயாளருக்கான மாதக் கொடுப்பனவு 2025 இலிருந்து 7,500 ரூபாவிலிருந்து 10,000 ஆகியது, பிரதேச செயலகத்தில் கேட்கலாம். சிகிச்சைச் செலவுக்கு உதவுகிற ஜனாதிபதி நிதியத்துக்கும் அதே வருடத்திலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. இதை உங்கள் துண்டுப்பிரசுரத்தின் முதல் பக்கத்தில் போடுங்கள். வழக்கமாக அங்கே போடுகிற கொடைவள்ளல் கர்ணன் படத்தை எடுத்துவிடுங்கள்.

சமயம் பற்றிக் கேட்பார்கள், நீட்ட வேண்டாம். கத்தோலிக்கருக்கு, 2000 ஆகஸ்டில் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் உறுப்பு மாற்று வைத்தியர்களின் சர்வதேச மாநாட்டில் இதை அன்பின் செயல் என்று சொல்லியிருக்கிறார். முஸ்லிம்களுக்கு, 1988 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அக்கடமி நிபந்தனைகளோடு அனுமதித்திருக்கிறது. மன்னாரின் முசலிப் பக்கம் போனால் மௌலவியைக் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்கள் பேச வேண்டாம். சைவர்களுக்குக் கண்ணப்பர் இருக்கிறார். அவர் உயிரோடு தன் கண்ணையே தோண்டிக் கொடுத்தார், நாங்கள் அவ்வளவு கேட்கவில்லை.

கண் என்றதும் ஒன்று. வீட்டில் இறக்கிறவர்கள் சிறுநீரகமோ ஈரலோ கொடுக்க முடியாது. அதற்கு அதிதீவிர சிகிச்சைப் பிரிவில், மேசினில் இருக்கும்போது மூளைச்சாவு நடந்திருக்க வேண்டும். ஆனால் கருவிழி கொடுக்கலாம், வயதானவர்களும் கொடுக்கலாம், கண்ணாடி போட்டவர், கற்றரக்ட் செய்தவர், சர்க்கரை உள்ளவர் பெரும்பாலும் கொடுக்கலாம். இறந்து ஆறு மணித்தியாலத்துக்குள் எடுத்துவிடுவது நல்லது. அதுவரை இமையை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, தலையைக் கொஞ்சம் உயர்த்தி, ஃபானை நிறுத்திவிட வேண்டும். 1961 இல் வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண் தானச் சங்கம் 1964 இல் சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பியது. அதன் பிறகு எத்தனையோ நாட்டில் இலங்கைக் கருவிழிகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. தென்னிலங்கையில் அது சாதாரண பழக்கம். இங்கே அந்தப் பழக்கம் ஊன்றவில்லை என்றால், மனம் இல்லாததால் அல்ல, ஆறு மணித்தியாலத்துக்குள் மாங்குளத்துக்குள்ளே யார் வந்து எடுப்பார் என்பதால்தான். ஒரு எச்சரிக்கை: யுத்தத்தில் செல் துண்டு பட்டுப் பார்வை போனவர்கள் உங்கள் கூட்டத்தில் இருப்பார்கள். கருவிழியில் மட்டும் தழும்பு உள்ளவருக்கு மாற்றினால் பலன் கிடைக்கலாம். விழித்திரையோ நரம்போ போனவருக்கும், கண்ணையே எடுத்தவருக்கும் கிடைக்காது. வீண் ஆசை காட்டாமல் கண் வைத்தியரிடம் அனுப்புங்கள்.

இனி, அடுத்த கூட்டம். கையெழுத்துப் படிவத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். படிவம் சட்டத்துக்கு உதவும். ஆனால் அந்த நேரத்தில் வைத்தியர் முகம் பார்த்துக் கேட்பது குடும்பத்தைத்தான். வீட்டுக்குத் தெரியாத கையெழுத்து பெட்டிக்குள்ளேயே கிடக்கும். அதனால், "இரவுச் சாப்பாட்டில் இதைப்பற்றி ஒருமுறை கதையுங்கள், வேண்டாம் என்றாலும் அதையும் சொல்லி வையுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். மேடையில் என்னைப் போன்றவர்களை விட, மேசினில் இருக்கிற ஒரு நோயாளியையும், முடிந்தால் சிறுநீரகம் கொடுத்த ஒரு பெண்ணையும் இருத்துங்கள். குருதிக்கொடைக்கு எங்கள் பெடியள் எப்படி வரிசையில் நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கோயில் திருவிழாவிலும் நினைவு நாளிலும் கொடுக்கிறார்கள், ஏனென்றால் அந்த இரத்தம் எங்கள் ஆஸ்பத்திரியில், எங்கள் பிள்ளைப்பெறு விடுதியில் ஏறுவதைக் கண்ணால் கண்டிருக்கிறார்கள். எங்கே போகிறது என்று தெரிந்தால் கொடுப்பார்கள்.

அந்தப் பெரியவருக்கு முன்வரிசையில் கதிரை போடுங்கள். அவர் கேள்வியை அவரையே திரும்பக் கேட்கச் சொல்லுங்கள். பதிலாக, வழிப்படத்தை வையுங்கள்: பேரனுக்குச் சிறுநீரகம் பழுதானால் எந்தக் கிளினிக், எந்தப் பரிசோதனை, எங்கே, எத்தனை பயணம், எவ்வளவு செலவு, எந்தக் கந்தோரில் எந்தப் படிவம். அதைத் தயாரிக்க உங்களுக்கு ஒரு மாதம் செல்லும். பாதி இடங்களில் பதில் கிடைக்காது, பதில் கிடைக்காத இடத்தையும் பெயரோடு எழுதி மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கு அனுப்புங்கள். கழகத்தின் கடிதத் தலைப்பில் அனுப்பினால் பதில் வரும்.

பெரும்போக அறுவடை முடியுமட்டும் கூட்டத்தை வைக்க வேண்டாம், ஒருவரும் வரமாட்டார்கள். முடிந்த பிறகு ஒரு ஞாயிறு பின்னேரம் வையுங்கள். பிரஷர் பார்க்கிற மேசின் என்னிடம் இருக்கிறது, பஸ்ஸில் கொண்டுவருகிறேன். புது பற்றரி மட்டும் வாங்கி வையுங்கள்.